புதன்கிழமை மாலை ஆறு மணி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்களுடைய ஒரு வாரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காலை ஓட்டம், அலுவலக வேலை, பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவருக்குப் பாடம் வாசித்துக் காட்டுவது என்று மூன்றும் அதில் இருந்தன. படித்த அன்றே நானும் ஓர் அட்டவணை போட்டேன். வாரத்தின் 168 மணி நேரத்தையும் கட்டங்களாகப் பிரித்து, உடற்பயிற்சிக்குப் பச்சை, வேலைக்கு நீலம், சேவைக்கு மஞ்சள் என்று நிறம் கொடுத்தேன்.

எனக்கு 34 வயது. கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பதினோரு மணி நேரம் ஆகிவிடுகிறது. படுக்கப் பதினொன்றரை. நாலரைக்கு எழுந்து தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி. சேவைக்கு மூன்று இடங்களில் பெயர் கொடுத்திருக்கிறேன்: ஒரு முதியோர் இல்லம், பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குப் பாடம், மரம் நடும் குழு. எல்லாம் சேர்த்து வாரத்துக்குப் பத்து மணி நேரம். முதல் வாரம் அத்தனையும் நடந்தது. இரண்டாவது வாரம் பாதி. மூன்றாவது வாரம் புதன்கிழமையே சரிந்துவிட்டது. போனில் பத்தாயிரம் அடி ஒரு நாளும் வரவில்லை. பத்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றால், அது எதற்கு என்று விட்டுவிடுகிறேன். ஞாயிறு இரவு காலிக் கட்டங்களைப் பார்த்தால் அழுகை வருகிறது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வரும்போது மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது. அப்படியென்றால் நான் எனக்காகத்தானே போகிறேன்? அதைச் சேவை என்று சொல்லலாமா? ஒரு வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போனால் நீங்கள் எங்கிருந்து மறுபடி தொடங்குவீர்கள்?

அன்புடன்,
க.

---

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை உங்கள் களைப்புதான் தெரிந்தது. இரண்டாவது முறை வேறொன்று கண்ணில் பட்டது. காலியாகக் கிடந்த கட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் கட்டம் காலியான அந்த மாலையில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எழுதவில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அதே இடத்தில் நின்றவள் என்பதால்தான் கண்ணில் பட்டது.

சென்ற மாதம் நான் எழுதியது ஒரு நல்ல வாரத்தை. நடந்ததைத்தான் எழுதினேன். ஆனால் போன வருடம் நடந்த இன்னொரு வாரத்தையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அதைப் படித்திருந்தால் நீங்கள் அந்த அட்டவணையைப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது எழுதுகிறேன்.

நான் செய்வது பிரதி திருத்தும் வேலை. அந்த வாரம் ஒரு பெரிய தொழில்நுட்பக் கையேடு அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. திங்களும் செவ்வாயும் இரவு பதினொன்று வரை உட்கார்ந்தேன். செவ்வாய் படுக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இருந்தாலும் புதன் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடினேன். அன்றோடு தொடர்ந்து 41 நாள் ஓடியிருந்தேன். அந்த எண் அறுந்துவிடக் கூடாது என்று அவ்வளவு பிடிவாதம். மாலை ஐந்தரைக்கு இன்னோர் அத்தியாயம் வந்து சேர்ந்தது. முடித்துக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு அந்த மாணவிக்கு வாசிக்க வேண்டும் என்பது ஆறு இருபதுக்குத்தான் ஞாபகம் வந்தது. "இன்று முடியவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். "சரி அக்கா" என்று பதில் வந்தது.

அடுத்த புதன் போனேன். அரை மணி நேரம் வாசித்த பிறகு அவள் சொன்னாள்: "போன வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை இருந்தது அக்கா. நீங்க வர மாட்டீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற யாரையாவது கேட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் சொல்வது போலச் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டு அன்றைக்கே முடித்திருப்பேன். அந்தக் குரல் இன்னும் என்னோடு இருக்கிறது.

அவளுக்கு அன்று தேவைப்பட்டது பொருளாதாரப் புத்தகத்தில் இரண்டு வரைபடங்கள். மற்ற பக்கங்களை அவளுடைய கணினியில் உள்ள திரைவாசிப்பான் வாசித்துவிடும். விளக்கம் எழுதப்படாத வரைபடம் வந்தால் அது "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். தேவைக் கோடு எந்தப் பக்கம் சரிகிறது, அளிப்புக் கோடு அதை எங்கே வெட்டுகிறது, அளிப்பு கூடினால் அந்தக் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது, இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவள் ஆறு மணியிலிருந்து காத்திருந்தாள். அந்த இரண்டில் ஒன்று பரீட்சையில் வந்ததாம். இதைப் பல மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்தான் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். அந்த வாரம் நான் ஓட்டத்தை விடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்றில் முதலில் விழுந்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஏன்? ஓட்டத்துக்கு ஓர் எண் இருந்தது. வேலைக்கு ஒரு தேதியும், ஏன் முடியவில்லை என்று கேட்க ஆளும் இருந்தார்கள். அவள் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெம்பில்தான் ஒற்றை வரிச் செய்தியோடு விட்டுவிட்டேன். உதவி வாங்கிக்கொள்கிறவரால் எளிதில் கோபப்பட முடியாது. கோபப்பட்டால் அடுத்த வாரம் ஆள் வராமல் போகலாம் என்ற பயம் இருக்கும். அப்படிப்பட்டவரின் நேரத்தில்தான் நான் கை வைத்தேன்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை அன்றுவரை நான் பார்க்கவே இல்லை. நான் பெயர் கொடுத்திருந்ததால் அந்தப் புதன்கிழமை நிரம்பிய இடம். எனக்குப் பதிலாக வேறொருவரை யாரும் தேடவில்லை. நான் பெயரே கொடுக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு அந்த வாரம் அந்த வரைபடங்கள் கிடைத்திருக்கும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததில், நான் உதவி செய்யாமல் போனதோடு உதவி வரும் வழியையும் அடைத்திருக்கிறேன்.

அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது: மூன்று இடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டிலிருந்தும் முறையாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். நல்ல வாரத்தை மனதில் வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கடந்த மூன்று மாதத்தில் உங்களுக்கு வந்த மிக மோசமான வாரம் எது? அந்த வாரத்தில்கூடப் போயிருக்க முடியும் என்று எத்தனை மணி நேரத்தைச் சொல்வீர்கள்? அதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய நேரம். ஒரு மணி நேரம்தான் என்றால் ஒரு மணி நேரம். எனக்கு அவ்வளவுதான் வந்தது. புதன்கிழமை, ஆறிலிருந்து ஏழு.

எதை வைத்துக்கொள்வது? மரம் நடும் குழுவில் இருபது பேர் வருகிற இடத்தில் ஒருவர் குறைந்தால் குழி வெட்டுவது நிற்காது. அங்கே பெயர் கொடுக்காமல், ஓய்வாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கைகொடுக்கலாம். (போனால் நடுகிற நாளைவிடத் தண்ணீர் ஊற்றுகிற நாளில் போங்கள். நடுகிற அன்று கூட்டம் வரும். வேர் பிடிக்கும்வரை, முக்கியமாக முதல் கோடைக்காலத்தில், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல்தான் கன்றுகள் காய்கின்றன.) முதியோர் இல்லத்தில் உங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பார்கள். அங்கே போனில் சொல்லி முடிக்காதீர்கள். நேரில் போய், இனி வாரா வாரம் வர முடியாது என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் வருகிறேன் என்று இரக்கத்தில் சொல்லிவிட வேண்டாம். கணக்குப் பாடம்தான் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது என்று உங்கள் கடிதத்தின் சாயலிலேயே தெரிகிறது. உங்களுக்குக் கைவந்த வேலை, இடையில் விட்டுப்போனால் பிள்ளைகளுக்கு உடனே பாதிக்கிற வேலையும்கூட. கணக்கில் ஒரு படி விட்டால் அடுத்த படி புரியாது.

சரி, அந்த லேசான மனசைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. அதற்கு எனக்குக் கிடைத்த பதில் வாசிப்பதிலிருந்து வந்ததுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் நான் உணர்ச்சியோடு வாசிப்பேன். ஏற்ற இறக்கம், நிறுத்தம், முக்கியமான வரியில் குரலை அழுத்துவது. என் குரல் எனக்குப் பிடித்திருந்தது. வாசித்து முடித்து வரும்போது நீங்கள் சொல்கிற அதே லேசு. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, கதை மாதிரி வேண்டாம். கொஞ்சம் வேகமா, தெளிவா வாசிச்சா போதும்." அவள் திரைவாசிப்பானை வைத்திருந்த வேகத்தை அன்றுதான் கேட்டேன். என் காதுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கேட்டே படித்துப் பழகியவர்கள் பலர் அந்த வேகத்தில்தான் கேட்கிறார்கள். என் ஏற்ற இறக்கம் அவளுடைய நேரத்தைத் தின்றிருக்கிறது. எந்த வரி முக்கியம் என்பதை அவள் முடிவு செய்வாள், நான் அழுத்திக் காட்டத் தேவையில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். அட்டவணை வந்தால் முதலில் எத்தனை வரிசை, எத்தனை பத்தி என்று சொல்ல வேண்டும். பிறகு தலைப்புகள். அதன் பிறகு ஒவ்வொரு எண்ணையும் அதன் தலைப்போடு சேர்த்து வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாவது எண்ணுக்குள் எது எதனுடையது என்று தொலைந்துவிடும். சூத்திரத்தில் அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறிமுகமில்லாத பெயர் வந்தால் எழுத்துக்கூட்ட வேண்டும், அவள் நாளைக்கு அதை எழுதப் போகிறவள். வரைபடம் என்றால் முதலில் அது என்ன வகை, கிடை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டுக்குப் போக வேண்டும். "இங்கே பார்", "இது இப்படி வளைகிறது" என்ற பேச்செல்லாம் உதவாது. இடமிருந்து வலமாகக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா, வேகமாகவா மெதுவாகவா என்று சொல்ல வேண்டும். சில நேரம் அவள் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டச் சொல்வாள். அது எல்லாச் சொற்களையும்விட நன்றாக வேலை செய்யும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது ஒரு பரீட்சையில் ஸ்கிரைபாக, அதாவது பார்வையற்ற மாணவர் சொல்லும் பதிலை அவருக்காக எழுதுகிறவளாக, உட்கார்ந்தபோதுதான். அவர் சொல்வதை எழுதுவது மட்டும்தான் நம் வேலை. அன்று நான் எழுதியது எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு மாணவருக்கு. ஒரு பதிலில் அவர் சொன்னது தவறு என்று எனக்குத் தெரிந்தது. முகத்தில்கூடக் காட்டத் தேவையில்லை, அவர் பார்க்கப் போவதில்லை. ஆனால் மூச்சை இழுத்துப் பிடித்தாலே கேட்டுவிடும். சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அந்த மூன்று மணி நேரம் அவருடையது. என் அறிவும் கருணையும் அங்கே குறுக்கே வரக் கூடாது.

இப்போதும் வாசித்துவிட்டு வரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை ஏன் தள்ள வேண்டும்? உங்களுக்கு மகிழ்ச்சி வருகிறதா என்று பார்த்து இது சேவையா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது. நேரத்தையும் முறையையும் யாருடைய வசதி தீர்மானிக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்கிற மாலை உங்கள் ஓய்வைப் பார்த்து வைத்த மாலையா, பிள்ளைகளின் பள்ளிப் பரீட்சையைப் பார்த்து வைத்ததா? உங்களுக்குப் பிடித்த பாடத்தை எடுக்கிறீர்களா, அவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிற பாடத்தையா? அது அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தால், சந்தோஷம் எவ்வளவு வந்தாலும் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மனசு லேசாக இருப்பதால்தான் அடுத்த வாரமும் போவீர்கள்.

அப்புறம் உங்கள் 168 மணி நேரம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், அதனால் உங்கள் மொழியிலேயே போட்டுப் பார்த்தேன். வேலை 66 மணி நேரம். வயது வந்த ஒருவருக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவம் சொல்கிறது, அது 49. இரண்டும் 115. மீதி 53. போய் வருவது, குளிப்பது, சாப்பிடுவது, வீட்டு வேலை, வீட்டில் இருப்பவர்களோடு நாலு வார்த்தை பேசுவது என்று நாளுக்கு ஆறு மணி நேரம் வைத்தால் 42. மிஞ்சுவது 11. நீங்கள் பச்சைக்கு ஏழும் மஞ்சளுக்குப் பத்தும் கொடுத்திருக்கிறீர்கள், மொத்தம் 17. இல்லாத ஆறு மணி நேரத்தைச் செலவு எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அதற்கு மேலும் தூக்கத்திலிருந்து போயிருக்கிறது. பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் வாரத்துக்கு 35 மணி நேரத் தூக்கம்தான். மூன்றாவது வாரம் புதன்கிழமை சரிந்தது உங்கள் மன உறுதி என்று நினைத்துக்கொண்டு அழுதிருக்கிறீர்கள். உடம்பு தன் பாக்கியைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் பெரிய எண் வேலைதான், அது முழுக்க உங்கள் கையில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் உருவானபோது அதன் முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியதுதான்: தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நூறு வருடம் கழித்து நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து 66 மணி நேரம் வேலை செய்கிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனமும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று கண்டார்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நாலரை மணிக்கு எழுந்து செய்கிற உடற்பயிற்சியால் இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நீங்கள் நம்புவது போலத் தெரிந்தது, அதனால் எழுதினேன்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நான் அலுவலகத்தில் ஒன்று சொன்னேன்: "புதன் மட்டும் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். மீதி இருப்பதை வியாழன் காலை பத்து மணிக்குள் தருகிறேன்." சொல்வதற்கு முன்னால் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்ன பிறகு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒருவர் முகம் சுளித்தார், இரண்டு வாரத்தில் அவருக்கும் பழகிவிட்டது. அன்று அவளைக் காக்க வைத்து நான் திருத்திய அத்தியாயம் என்ன ஆனது தெரியுமா? அதில் ஓர் அட்டவணையில் இரண்டு பத்திகள் இடம் மாறியிருந்ததைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அதைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. எல்லா அலுவலகத்திலும் இப்படிச் சொல்ல முடியாது, எல்லோர் நிலைமையும் ஒன்றல்ல. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு மாலையைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து மாலைகளைக் கேட்டால் மறுப்பார்கள். ஒரு மாலைக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கும், அதுவும் வேலை எப்போது கைக்கு வரும் என்பதைச் சேர்த்தே சொன்னால்.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். பத்து நிமிடம் எதற்கு என்று விட்டுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். முன்பு பத்து நிமிடத்துக்குக் குறைந்த உடலுழைப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் அந்தக் குறைந்தபட்ச அளவையே எடுத்துவிட்டார்கள். எத்தனை சிறிய அசைவும் சேரும். அவர்கள் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது அதில் பாதி நேரக் கடுமையான உழைப்பு. கூடவே இரண்டு நாள் தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சி. 150 நிமிடம் என்றால் நாளுக்கு இருபத்தொரு நிமிடம் சொச்சம். மிதமானது எது என்று பார்க்கக் கருவி வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். இரண்டு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமையானது.

பத்தாயிரம் அடியை மறந்துவிடுங்கள். அது மருத்துவர்கள் உட்கார்ந்து கண்டுபிடித்த எல்லை இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி மானி" என்பதுதான். அந்தப் பெயர் உலகமெல்லாம் சுற்றி, உங்கள் போனுக்குள் வந்து உங்களை அழ வைக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் வெளியிட்ட ஆய்வு. லண்டனின் இரட்டைத் தளப் பேருந்துகளில் ஒரே வண்டியில் வேலை பார்த்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சிக்கென்று படி ஏறியவர்கள் இல்லை, டிக்கெட் கொடுக்க ஏறியவர்கள். உங்கள் பதினோரு மணி நேரத்துக்குள் எங்கெல்லாம் எழுந்திருக்க முடியும் என்று தேடுங்கள். நாலரை மணி அலாரத்தை ஆறு மணிக்கு மாற்றுங்கள்.

நான் 41 நாள் கணக்கை அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது திங்கள், வியாழன், சனி ஓட்டம், முப்பது நிமிடம். செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலேயே உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பலகை போல உடம்பைப் பிடித்து நிற்பது, எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்கிவிடும். ஓட்டத்தைவிட இந்த இருபது நிமிடத்தை நான் இப்போது அதிகமாக மதிக்கிறேன். புதன்கிழமை எதுவும் கிடையாது. அன்று என் குரலும் கவனமும் மாலை வரை மிச்சம் இருக்க வேண்டும்.

விட்டுப்போனால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். உடற்பயிற்சியில் விட்டதை நான் சேர்த்துச் செய்வதே இல்லை. செவ்வாய் விட்டுப்போனால் வெள்ளிதான். இரண்டு நாள் பயிற்சியை ஒரே நாளில் செய்தால் அடுத்த ஒன்றிலிருந்து மூன்று நாள் தசை வலி பிடித்துக்கொள்ளும், அதனால் இன்னும் இரண்டு நாள் போகும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை வைத்து, ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். அதில் எனக்கு ஆறுதலாக இருந்தது வேறொன்று: ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. உங்களுக்கு ஆனது மூன்று வாரம். 21 நாள். பாதி வழிகூட வராத இடத்தில் நின்று தோற்றுவிட்டேன் என்று எழுதுகிறீர்கள்.

காத்திருக்கிறவர் விஷயத்தில் மட்டும் நான் இப்படி இருப்பதில்லை. வர முடியாது என்று தெரிந்த நிமிடமே சொல்வேன், அவள் வேறு ஆள் தேட நேரம் இருக்கும்போதே. வியாழன் காலையிலோ சனிக்கிழமையோ ஈடு செய்வேன். அதற்கு ஓட்டம் போகும் என்றால் போகட்டும். இந்த ஒன்றரை வருடத்தில் நான்கு முறை அப்படி ஆகியிருக்கிறது.

உங்கள் அட்டவணையைக் கிழிக்க வேண்டாம். மஞ்சளில் ஒரு மாலையை, பிள்ளைகளிடமே எந்த நாள் வேண்டும் என்று கேட்டு, அதை மட்டும் நிறம் பூசுங்கள். பச்சையில் இருபது இருபது நிமிடமாக ஏழு துண்டுகள். மிஞ்சியதை வெள்ளையாகவே விடுங்கள். ஞாயிறு இரவு அதைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் சீக்கிரம் தூங்கப் போங்கள். இரண்டு மாதம் கழித்து, பிள்ளைகள் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நான் கேட்க விரும்புவது அதைத்தான்.

இன்று புதன். மணி ஐந்தாகிறது. இன்றைய பாடத்தில் மூன்று அட்டவணைகளும் ஒரு வரைபடமும் இருக்கின்றன. அந்த வரைபடத்தில் நான்கு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன, எதை முதலில் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. கிளம்பும் முன் ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்.